பாவும் ஊடும்

கல்முனைக் கடையில் றிகாஸ் சொன்னான்:
"ஊட்டுக்கு ஒரு நூல் ஓடணும் தாத்தா.
ஒரே டைல்ஸ், ஒரே பைப், ஒரே கண்ணாடி.
கதவத் துறந்தா நாலு பாத்ரூமும்
ஒரு வயித்துப் புள்ளையள் போல நிக்கணும்."

நூலென்றால் எனக்குத் தெரியும்,
மருதமுனையில் பிறந்தவள்.
பாவு ஒன்றாக நின்றால் போதும்,
ஊடு எந்த நிறத்திலும் ஓடலாம்.
ஊடு என்றால் எங்கட வாயில்
வீடும்தான்.

ஆனால் என்ட வயிற்றுப் பிள்ளைகளே ஒரு மாதிரி இல்லை.
சஹ்தாவுக்குக் கறுப்பு வேணும்.
"சவுக்கார நுரை காஞ்சா தெரியும் மகள்."
"தெரியட்டும்."
இன்ஷிராவுக்கு நீலம்.
ஜன்னலைத் திறந்தால் இருநூறு யாரில் கடல்,
அது போதாதாம்.
ஹனீனா வாளியில் அள்ளிக் குளிப்பவள்,
ஷவர் பூட்டினால் கழற்றுவேன் என்கிறாள்.
நாலாவது ஹோலுக்குப் பக்கத்தில், வருகிற ஆட்களுக்கு.
அதற்கு யாரும் நிறம் கேட்கவில்லை.

கொப்பியில் எழுதினேன்:
எல்லாவற்றுக்கும் வெள்ளை.
இடுக்குக்கு ஒரே சாம்பல் சாந்து.
மொத்தமாய் எடுத்தால் பெட்டிக்கு நூறு ரூபா கழிவு.

கொழும்பில் கீறிய பிளானை
சீமெந்துக் கையால் சுவரில் அழுத்திப் பிடித்தான் தவசீலன்.
பெரியநீலாவணை ஆள்,
எங்கட பள்ளி பாங்கு அவன் நித்திரையையும் கலைக்கும்.
"அக்கா, மேல ரெண்டாவது கொமட் மேற்கப் பாக்குது.
ஒங்களுக்குச் சரிவராதே."
நான் கவனிக்கவில்லை, மச்சான் கவனிக்கவில்லை,
கீறியவருக்கு எங்கட கிப்லா எங்கே தெரியும்?
சுவரை வெட்டி, குழாயைக் கிளப்பி
அதையும் வடக்கே திருப்பினான்.
இரண்டு நாள் கூலி கூட.
ஒரு டைல்ஸ் ஒட்டமுன்னமே
நாலுக்கும் ஒரு பொருத்தம் அப்படி வந்தது.

இரவு கட்டாருக்குப் படம் அனுப்பினேன்:
"நாலும் வெள்ளையா வந்தா
ஹோட்டல் போல இருக்கும் மச்சான்."

ரெண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.
சுபஹுக்குப் பிறகு குரல் வந்தது,
பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"ஹோட்டல் போல வேணாம் புள்ள.
இஞ்ச ஒரு மாடிக்கு முப்பத்திரெண்டு பாத்ரூம்.
ஒரே கல்லு, ஒரே பைப்,
துவாய் மடிக்கிறதும் ஒரே மடிப்பு.
பதினொரு வருஷமாக் கழுவுறன்.
சில நேரம் குனிஞ்சு நிமிந்தா
எந்த அறைக்குள்ள நிக்கிறன் எண்டு தெரியாது.
வெளிய வந்து கதவு நம்பரப் பாப்பன்.
நான் வந்தா
இது மூத்தவள்ட, இது சின்னவள்ட எண்டு
கால் வெச்சதும் தெரியணும்."

ஹோட்டலில் வேலை என்று ஊருக்குச் சொன்னேன்.
எனக்கும் அவர் அவ்வளவுதான் சொல்லியிருந்தார்.
அந்தக் குரலை மூன்று முறை கேட்டேன்.
மூன்றாவது முறை தண்ணீரை மட்டும்.

கொப்பியில் வெள்ளையை வெட்டினேன்.
சாம்பல் சாந்தை வெட்டவில்லை,
பாவு கிடக்கட்டும்.
கழிவு போனதற்கு என்னைவிட
றிகாஸ்தான் கவலைப்பட்டான்.

நாலாவதுக்கு நிறம் நானே எடுத்தேன்.
எங்கட கிணற்றில் இரும்புத் தண்ணீர்.
எந்தக் கடை டைல்ஸும் இரண்டு வருடத்தில்
பைப்புக்குக் கீழே செங்காவி நாக்கு நீட்டும்.
முதலே அந்தக் காவியையே வாங்கிவிட்டேன்.
"வாற ஆக்கள் பழசெண்டு நினைப்பாங்க" என்றாள் இன்ஷிரா.
நினைக்கட்டும்.

வேலை முடிந்த அன்று தவசீலன்
ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றிப் பார்த்தான்.
கறுப்பில் ஓடியது. நீலத்தில் ஓடியது.
காவியில் ஓடியதே தெரியவில்லை.
ஹனீனாட மூலையில் மட்டும்
ஒரு உள்ளங்கைத் தண்ணீர் நின்றது.

"அதுவும் ஒரு அடையாளம்தானே அக்கா" என்று சிரித்தான்.
"உடைச்சு ஒட்டுங்க" என்றேன்.
"அடையாளத்துக்கு அவள்ட வாளி போதும்."